முறுக்கு: ஒரு சொல்லும் ஒரு தொழிலும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பஞ்சைச் சிறிது எடுத்து இழுத்தால் அது பிரிந்து கையோடு வந்துவிடுகிறது. அதே பஞ்சை விரல்களுக்கிடையே உருட்டியபின் இழுத்தால் எளிதில் பிரிவதில்லை. இடையில் பசை எதுவும் சேர்க்கப்படவில்லை; முடிச்சும் இடப்படவில்லை. முறுக்கு ஒன்றே இம்மாற்றத்தைச் செய்தது. நாம் உடுத்தும் பருத்தி ஆடைகள் அனைத்தும் இந்த எளிய செயலைச் சார்ந்தே நிற்கின்றன. அம்முறுக்கு முறை தவறும்போது ஆடை கோணலாகிறது. பலருடைய உழைப்பு வீணாகிறது. தொழிலின் நுட்பத்தையும் தமிழ்ச் சொல்லின் நுட்பத்தையும் ஒருங்கே காட்டும் 'முறுக்கு' என்னும் கலைச்சொல்லைப் பற்றி அறிவோம்.

ஊரும் நூலும்

திருப்பூர் மாநகரின் வடமேற்கே அமைந்துள்ள ஊர் வேலம்பாளையம். '15 வேலம்பாளையம்' என எண்ணோடு சேர்த்து வழங்கப்படும் இவ்வூர், தனி நகராட்சியாக விளங்கி 2011ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தது. பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையம் இதன் அண்டை ஊராகும். ஒருபுறம் பித்தளையும் மறுபுறம் பருத்தியும் என இரு தொழில்கள் இப்பகுதியில் அருகருகே வளர்ந்தன.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தனித்தன்மை, அது ஒரே கூரையின்கீழ் நிகழ்வதன்று என்பதாகும். நூற்பாலையிலிருந்து கூம்பு வடிவில் சுற்றப்பட்ட நூல் வருகிறது. அது நிட்டிங் கூடத்தில் துணியாகிறது. சாயப்பட்டறையில் நிறம் பெறுகிறது. காம்பாக்டிங் கூடத்தில் அகலமும் சுருக்கமும் சீராக்கப்படுகிறது. பின்னர்ப் பனியன் கம்பெனியில் வெட்டப்பட்டுத் தைக்கப்படுகிறது. இறுதியாகச் செக்கிங் மேசையை அடைகிறது. இவை பெரும்பாலும் வெவ்வேறு உரிமையாளர்களின் வெவ்வேறு கூடங்கள். ஆகவே, நூற்பாலையில் நேர்ந்த ஒரு குறை உடனே வெளிப்படுவதில்லை. பல கைகள் மாறி, ஆடையாகித் துவைத்துச் சோதிக்கும்போதே அது கண்ணுக்குத் தெரிகிறது. அத்தகைய குறைகளுள் முதன்மையானது முறுக்கினால் வருவது. முறுக்கைப் பற்றிய அறிவு நூற்பாலைக்கு மட்டும் உரியதன்று, இத்தொழிலில் ஈடுபட்டுள்ள அனைவருக்கும் உரியது என்பதற்கு இதுவே காரணம்.

சொல்லின் குடும்பம்

முறுக்கும் செயலைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் மட்டும் இல்லை. ஒரு சொற்குடும்பமே உள்ளது. அக்குடும்பத்திலுள்ள ஒவ்வொரு சொல்லும் செயலின் ஒவ்வொரு படிநிலையைச் சுட்டுகிறது.

'திரித்தல்' என்பது பிரிந்து கிடக்கும் இழைகளை ஒன்றுசேர்த்து உருட்டும் முதற்செயல். பஞ்சைத் திரித்தால் கிடைப்பது திரி. விளக்குத்திரி இப்பெயரைப் பெற்றது இதனாலேயே. நூற்பாலையில் நூலாவதற்கு முந்தைய நிலையில், சிறிதளவே முறுக்குப் பெற்று மென்மையாக இருக்கும் பஞ்சிழையை 'ரோவிங்' என்பர். அதுவும் ஒரு திரியே ஆகும்.

'முறுக்குதல்' என்பது திரிந்ததை மேலும் இறுக்கி உறுதி பெறச் செய்தல். வலிமையும் விறைப்பும் இச்சொல்லின் உடன்பொருள்கள். 'மீசை முறுக்கு', 'முறுக்கேறிய உடல்' ஆகிய வழக்குகளில் அப்பொருள் விளங்குகிறது. மாவை முறுக்கிச் சுற்றிச் செய்வதால் தின்பண்டமும் இப்பெயரைப் பெற்றது.

'புரி' என்பது முறுக்கப்பட்ட ஒரு தனிச்சரம். பல புரிகள் சேர்ந்தது கயிறு. வைக்கோலை முறுக்கிச் செய்வது வைக்கோற்புரி. மூன்று சரங்கள் கூடியது முப்புரி. சுழலும் திசையையும் இச்சொல் உணர்த்தும் என்பதை வலம்புரி, இடம்புரி என்னும் சொற்கள் காட்டுகின்றன.

'திருகுதல்' என்பது ஒரு முனையைப் பற்றிச் சுழற்றுதல். திருகாணி, திருகுகள்ளி முதலியன இதனடியாகப் பிறந்தவை. 'பின்னுதல்' என்பது ஒன்றையொன்று ஊடாடுமாறு கோத்தல். சடைப்பின்னலும் பின்னலாடையும் இவ்வகையின.

இச்சொற்கள் உலகியல் வழக்கிலும் தத்தம் வேறுபாட்டை இழக்கவில்லை. ஒருவர் கூறியதை மாற்றிக் கூறுதல் 'திரித்துக் கூறுதல்' எனப்படும். பொய்யை நீட்டிச் சொல்லுதல் 'கயிறு திரித்தல்' எனப்படும். சினந்து விலகுதல் 'முறுக்கிக்கொண்டு போதல்' எனப்படும். திரிதலில் உருமாற்றம் மேலோங்கி நிற்கிறது. முறுக்குதலில் விறைப்பு மேலோங்கி நிற்கிறது. இலக்கணத்திலும் இதனைக் காணலாம். 'திரிதல்' புணர்ச்சி விகாரம் மூன்றனுள் ஒன்று. வைக்கோல் + புரி என்னும் சொற்கள் புணரும்போது லகரம் றகரமாகத் திரிந்து வைக்கோற்புரி ஆகிறது. தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொற்களுள் ஒன்று 'திரிசொல்' என்னும் பெயர் பெற்றிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். 'பனுவல்' என்பதற்கும் இவ்விரு பொருள் உண்டு. நன்னூலின் பாயிரம் நூலாக்கத்தை நூற்புத் தொழிலோடு ஒப்பிடுகிறது. அங்குச் சொல் பஞ்சாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் உருவகம் செய்யப்படுகின்றன. இந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் கொங்கு நாட்டிலுள்ள சீனாபுரம் எனக் கருதுவர். புறநானூறு, நூல் நூற்கும் பெண்ணைப் 'பருத்திப் பெண்டு' எனக் குறிப்பிடுகிறது.

தக்களி முதல் ஆலை வரை

முறுக்குதலுக்கு மனிதன் கண்ட முதற்கருவி தக்களி ஆகும். நடுவே துளையுள்ள சிறு வட்டில் ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினால், அதன் முனையில் கட்டிய பஞ்சிழை முறுக்கேறும். நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலிலும், வைகைக் கரையிலுள்ள கீழடியிலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் இத்தகைய தக்களி வட்டுகள் கிடைத்துள்ளன. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரும் அதே நொய்யலின் கரையிலேயே அமைந்துள்ளது.

பின்னர் வந்த இராட்டையில் பெரிய சக்கரம் கதிரைச் சுழற்றியது. காந்தியடிகளின் முயற்சியால் 1925ஆம் ஆண்டு அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. தமிழகத்தில் அதன் கதர்ப்பணிகளுக்குத் திருப்பூர் முதன்மை இடமாக விளங்கியது. கையால் நூற்கும்போது முறுக்கு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் விழும். குறைந்த இடம் தறியில் அறுந்துவிடும். எனவே, நூற்பவர் எவ்வளவு நீளம் நூற்றார் என்பதைவிட, எவ்வளவு சீராக முறுக்கினார் என்பதே நெய்பவருக்கு முதன்மையாயிற்று. இன்று ஆலையில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒருங்கே சுழல்கின்றன. கருவி மாறினும் முறுக்குதல் என்னும் அடிப்படைச் செயல் மாறவில்லை.

முறுக்கு வலிமை தருவது எவ்வாறு?

பருத்தியின் ஓரிழை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆனால், நூல் பல கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது. குறுகிய இழைகள் நீண்ட நூலாக நிலைபெறக் காரணம் உராய்வு ஆகும். நூலை முறுக்கும்போது வெளிப்புற இழைகள் உட்புற இழைகளைச் சுற்றி வளைந்து அழுத்துகின்றன. நூலை இழுக்குந்தோறும் அவ்வழுத்தம் மிகுகிறது. அழுத்தம் மிகுவதால் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிச் செல்ல இயலாது. இழுப்பவரின் விசையே இழைகளைப் பிணைக்கும் விசையாகவும் மாறிவிடுகிறது.

எனினும், முறுக்கு மிகமிக வலிமையும் மிகும் என்று கொள்ளுதல் கூடாது. ஒரு வரம்பு வரையே அது உண்மை. வரம்பைக் கடந்தபின் இழைகள் நூலின் போக்கிலிருந்து பெரிதும் சாய்ந்துவிடுகின்றன. சாய்ந்த இழை, நேராகக் கிடக்கும் இழையளவு சுமையைத் தாங்காது. எனவே நூலின் வலிமை குறையத் தொடங்கும். குறைந்த முறுக்கில் இழைகள் வழுக்குவதால் நூல் அறுகிறது. மிகுந்த முறுக்கில் இழைகளே முறிவதால் நூல் அறுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே நூற்பு நுட்பம்.

முறுக்கின் அளவு

ஓர் அங்குல நீளத்தில் எத்தனை சுற்றுகள் உள்ளன என்பதே முறுக்கின் அளவு. அதனை அறிவதற்கு முன் 'நூலெண்' என்பதை அறிதல் வேண்டும். தொழிலாளர் இதனைக் 'கவுண்ட்' என்பர். 840 கெஜ நீளம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குமோ அதுவே நூலெண் ஆகும். 25ஆம் எண் நூலில் ஒரு பவுண்டுக்கு 21,000 கெஜம், அதாவது ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளம் இருக்கும். எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும்.

மெல்லிய நூலின் குறுக்கே இழைகள் குறைவாக இருப்பதால் அதற்கு மிகுதியான முறுக்குத் தேவை. இத்தொடர்பைக் கீழ்க்காணும் வாய்பாடு உணர்த்துகிறது.

ஓர் அங்குலத்தில் உள்ள முறுக்கு = முறுக்கெண் × நூலெண்ணின் வர்க்கமூலம்

இங்கு முறுக்கெண் என்பது நூலின் பயனைப் பொறுத்துத் தேர்ந்துகொள்ளும் எண் ஆகும். பின்னலாடை நூலுக்கு இது பொதுவாக 3.4 முதல் 3.8 வரை அமையும். தறியில் பாவாக இழுபடும் நூலுக்கு 4 அல்லது அதற்கும் மேலாக அமையும். 25ஆம் எண் நூலை எடுத்துக்கொள்வோம். 25இன் வர்க்கமூலம் 5. பின்னலாடைக்கு முறுக்கெண் 3.6 எனின் அங்குலத்திற்கு 18 சுற்றுகள் தேவை. பாவு நூலுக்கு முறுக்கெண் 4.2 எனின் 21 சுற்றுகள் தேவை.

மூன்று சுற்றுகளின் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். அதன் விளைவோ பெரிது. ஒரு கதிர் நிமிடத்திற்கு 18,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அங்குலத்திற்கு 18 முறுக்கு வைத்தால் அது நிமிடத்திற்கு 1,000 அங்குலம், அதாவது 25.4 மீட்டர் நூல் தரும். 21 முறுக்கு வைத்தால் ஏறத்தாழ 857 அங்குலமே தரும். முறுக்குக் கூடினால் உற்பத்தி குறைகிறது. ஆகவே, முறுக்கைக் குறைப்பது ஆலைக்கு ஆதாயமாகலாம். ஆனால், அளவுக்கு மீறிக் குறைத்தால் அந்நூல் நிட்டிங் இயந்திரத்தில் அறுந்து துணியில் துளை விழும். ஒரு கூடத்தின் ஆதாயம் மற்றொரு கூடத்தின் இழப்பாகிவிடும். நூல் வாங்குவோர் நூலெண்ணை மட்டுமன்றி முறுக்கின் அளவையும் கேட்டறிவது இதனால் இன்றியமையாததாகிறது.

பின்னலாடைக்கு மென்முறுக்கு வேண்டும் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. உடலைத் தொட்டுக் கிடக்கும் பனியன் மென்மையாக இருத்தல் வேண்டும். வியர்வையை உறிஞ்சுதல் வேண்டும். மேலும், மிகுமுறுக்கு நூல் தளர்ந்த நிலையில் தன்மேல் தானே சுருண்டு சிக்கும். அச்சுருள் ஊசியில் மாட்டினால் துணியும் கெடும், ஊசியும் பழுதாகும்.

முறுக்கின் திசை

முறுக்கிற்கு அளவு மட்டுமன்றித் திசையும் உண்டு. நூலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் மேற்பரப்பில் இழைகள் சாய்ந்து செல்வதைக் காணலாம். அச்சாய்வு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சென்றால், 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்தின் நடுப்பகுதியை ஒத்திருக்கும். அது எஸ் முறுக்கு. வலப்புற மேலிருந்து இடப்புறக் கீழாகச் சென்றால் 'இசட்' எழுத்தின் நடுக்கோட்டை ஒத்திருக்கும். அது இசட் முறுக்கு. நாம் அன்றாடம் காணும் திருகாணியின் மரையும் இசட் திசையில் அமைந்ததே.

வலம், இடம் என்னும் சொற்கள் இருக்க, எழுத்து வடிவங்களைத் தொழில் உலகம் ஏன் ஏற்றுக்கொண்டது? வலமும் இடமும் பார்ப்பவரின் நிலையைப் பொறுத்து மாறுபவை. கதிர் வலமாகச் சுழல்கிறது என்று மேலிருந்து நோக்குபவர் கூறுவார். கீழிருந்து நோக்குபவர் அதனையே இடமாகச் சுழல்வதாகக் கூறுவார். வலம்புரிச் சங்கு இதற்குச் சிறந்த சான்று. நாம் வலம்புரி என்று போற்றும் சங்கினை உயிரியலார் இடச்சுழற்சி உடையதென வகைப்படுத்துகின்றனர். சங்கு ஒன்றே, நோக்கும் முறைகள் இரண்டு. எஸ், இசட் என்னும் எழுத்துகளோ தலைகீழாகத் திருப்பினும் வடிவம் மாறாதவை. நூலும் அவ்வாறே, எந்த முனையை மேலே வைத்துப் பார்த்தாலும் அதன் முறுக்குத் திசை மாறுவதில்லை. பொருளின் இயல்பும் குறியீட்டின் இயல்பும் இவ்வாறு ஒத்திருப்பதால் இக்குறியீடுகள் நிலைபெற்றன.

ஒற்றை நூலைப் பெரும்பாலான ஆலைகள் இசட் திசையிலேயே நூற்கின்றன. தையல் நூலிலும் திசைக்கு முதன்மை உண்டு. தையல் இயந்திரத்தின் இயக்கம் எஸ் திசையில் முடிந்த நூலின் முறுக்கை அவிழ்க்கும் போக்குடையது. ஆதலால் பொதுவான தையல் நூல் இறுதியில் இசட் திசை முறுக்குடன் முடிக்கப்படுகிறது.

முறுக்கின் சமன்

முறுக்கிய பொருள் எதுவும் அவிழ முயலும். இம்முயற்சியை அடக்குவதற்கு நம் முன்னோர் கண்ட வழி கயிற்றில் உள்ளது. பொள்ளாச்சிப் பகுதியில் தென்னைநார்க் கயிறு திரிக்கும் முறையை நோக்கினால் இது விளங்கும். முதலில் நாரை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குவர். பின்னர், அத்தகைய புரிகளை ஒன்றுசேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவர். ஒவ்வொரு புரியும் அவிழ முயல்கையில் கயிறு மேலும் இறுகுகிறது. கயிறு அவிழ முயல்கையில் புரிகள் இறுகுகின்றன. எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இந்நிலையே 'சமன் முறுக்கு' எனப்படும்.

நூலுக்கும் இதுவே நெறி. இசட் திசையில் நூற்ற இரு நூல்களை எஸ் திசையில் இணைத்து முறுக்கினால் இருபுரி நூல் கிடைக்கும். அது ஒற்றை நூலைவிட வலியது, சீரானது, சுருளும் இயல்பு குறைந்தது. ஆயினும், கூடுதல் பணியும் செலவும் உடையது. காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் உறுதிக்கும் பல இழைகளை முறுக்கி இணைக்கும் இம்முறை துணைசெய்கிறது. பட்டிழைகளுக்கு முறுக்கேற்றும் தொழிற்கூடங்கள் 'பட்டு முறுக்காலைகள்' என்றே வழங்கப்படுகின்றன.

சமனின்மையைக் கலையாக்கியவர்களும் உண்டு. மிகுமுறுக்கு நூல்களை எஸ், இசட் என மாற்றி மாற்றி நெய்து, பின்னர் நீரில் நனைத்துச் சுருங்கவிட்டால் துணியின் மேற்பரப்பில் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றும். 'கிரேப்' என்னும் துணிவகை இவ்வாறு உருவாகிறது.

ஆடையில் தோன்றும் திருகல்

திருப்பூரில் மிகுதியாகப் பின்னப்படும் துணி சிங்கிள் ஜெர்சி ஆகும். இதில் ஒற்றை நூல் கண்ணிகளாக வளைக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்படுகிறது. மேலும் கீழுமாக அடுக்கிய கண்ணிகள் ஒரு நிரலாக அமைகின்றன. அந்நிரல் செங்குத்தாக நிற்றல் வேண்டும். ஆனால், நூலில் அடங்கிக் கிடக்கும் முறுக்கு விடுபட முயலும்போது ஒவ்வொரு கண்ணியும் சற்றே சாய்கிறது. இசட் நூலில் கண்ணிகள் வலப்புறம் சாயும். எஸ் நூலில் இடப்புறம் சாயும். துணி வெட்டித் தைக்கும்வரை இழுத்துப் பிடித்த நிலையில் இருப்பதால் இச்சாய்வு முழுமையாக வெளிப்படுவதில்லை. நீரில் நனைந்து தளர்ந்தவுடன் வெளிப்படுகிறது. ஆடையின் பக்கத் தையல் ஒருபுறம் முன்னோக்கியும் மறுபுறம் பின்னோக்கியும் நகர்கிறது. இதனைத் 'திருகல் சாய்வு' எனலாம். தொழில் வழக்கில் இது 'ஸ்பைராலிட்டி' எனப்படுகிறது.

ஏற்றுமதி ஆடைகளில் இச்சாய்வு 5 விழுக்காட்டைக் கடந்தால் பல வணிகர்கள் ஏற்பதில்லை. 70 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆடையில் 5 விழுக்காடு என்பது 3.5 சென்டிமீட்டர். அதாவது ஈரங்குல அளவு தையல் நகர்வதற்கு முன்பே அவ்வாடை மறுக்கப்படலாம். அந்நிலையில் பருத்தி விளைவித்தோர் முதல் பொத்தான் தைத்தோர் வரை அனைவரின் உழைப்பும் அதனுள் சேர்ந்திருக்கும். நிறம் குறைந்தால் மீண்டும் சாயமேற்றலாம். தையல் விட்டிருந்தால் மீண்டும் தைக்கலாம். நூலுக்குள் புகுந்த முறுக்கை ஆடையான பின் மாற்றுதல் இயலாது.

இக்குறையைக் குறைக்கப் பல வழிகள் கையாளப்படுகின்றன. நீண்ட இழைப் பருத்தியைச் சீவி எடுத்து நூற்றால் குறைந்த முறுக்கிலும் வலிமை கிடைக்கும். நூலை நீராவியில் பதப்படுத்தினால் அதன் துடிப்பு ஓரளவு தணியும். நிட்டிங் இயந்திரத்தில் எஸ் நூலையும் இசட் நூலையும் அடுத்தடுத்துச் செலுத்தினால் ஒன்றன் சாய்வை மற்றொன்று ஈடுசெய்யும். எனினும், எஸ் நூலைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். இருபுரி நூலைப் பயன்படுத்துதல் மற்றொரு வழி. ரிப், இன்டர்லாக் ஆகிய துணிவகைகளில் முன்முகக் கண்ணிகளும் பின்முகக் கண்ணிகளும் இணைந்து வருவதால் சாய்வு பெரும்பாலும் தோன்றுவதில்லை. இவ்வழிகள் அனைத்தும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டியவை. கோயம்புத்தூரில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிட்ரா எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிறுவனங்கள் நூலின் முறுக்கு முதலிய பண்புகளைச் சோதிக்கும் பணியைச் செய்துவருகின்றன.

கலைச்சொல்லின் கடமை

'முறுக்குச் சரியில்லை' என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அளவு தவறிற்றா, திசை மாறிற்றா, சமன் குலைந்ததா, ஆடை திருகிற்றா என்பது அத்தொடரால் விளங்காது. அளவு தவறியிருந்தால் நூற்பாலையை வினவ வேண்டும். சமன் குலைந்திருந்தால் நூல்வகையை மாற்ற வேண்டும். ஒரே சொல் நான்கு பொருளைச் சுமக்கும்போது தீர்வும் நான்கு திசைகளில் சிதறுகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என வரையறுத்தலே கலைச்சொல்லின் முதற்கடமை.

தமிழில் இவ்வரையறைக்கு வேண்டிய சொற்கள் முன்பே உள்ளன. நூலாகும் முன்பு உள்ளது திரி. நூலில் உள்ள சுற்று முறுக்கு. சேர்ந்து முறுக்கப்படும் ஒவ்வொரு சரமும் புரி. ஆடையில் விளையும் குறை திருகல். உழவரும் கயிறு திரிப்போரும் நெசவாளரும் வழங்கிய சொற்கள் இவை. புதுச்சொல் படைப்பதற்கு முன், தொழில் செய்வோர் நாவில் வாழும் சொற்களைத் தொகுத்து ஆராய்தல் கலைச்சொல்லாக்கத்தின் சிறந்த நெறியாகும்.

தொழிற்கூடங்களில் 'ட்விஸ்ட்', 'கவுண்ட்' முதலிய பிறமொழிச் சொற்கள் வழங்குவதைக் குறையாகக் கருதவேண்டுவதில்லை. அவை அளவையோடு பிணைந்து வந்ததால் நிலைபெற்றன. தமிழ்ச் சொற்களும் அவ்வாறே எண்ணோடும் வாய்பாட்டோடும் பிணைக்கப்படுதல் வேண்டும். 'முறுக்கு' என்றவுடன் 'அங்குலத்திற்கு இத்தனை' என்னும் எண்ணம் எழுமாயின் அது கலைச்சொல்லாகிவிடும்.

இதனால் விளையும் பயன் மொழிக்கு மட்டும் உரியதன்று. நூலை விரலால் உருட்டிப் பார்த்தே அதன் தன்மையைக் கூறவல்லோர் நிட்டிங் கூடங்களில் உள்ளனர். துணியை விரித்தவுடன் சாய்வைக் கண்டுகொள்ளும் பெண்கள் செக்கிங் மேசைகளில் உள்ளனர். அவர்களின் பட்டறிவு பெரும்பாலும் எழுத்தில் ஏறாமலே போகிறது. மறுபுறம், வேலம்பாளையம் போன்ற ஊர்களின் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர் இத்தொழிலை அறிந்த இல்லங்களிலிருந்து வருகின்றனர். வீட்டில் கேட்கும் சொல்லும் பாடநூலில் கற்கும் சொல்லும் ஒன்றாக இருப்பின், பெற்றோரின் பட்டறிவைப் பிள்ளைகள் அறிவியலாக எழுதுவர். பிள்ளைகள் கற்ற அறிவியலைப் பெற்றோரும் தம் பணியில் பயன்கொள்வர்.

கலைச்சொல் அறிவோம்

முறுக்கு – ட்விஸ்ட்
நூலெண் – கவுண்ட்
முறுக்கெண் – ட்விஸ்ட் மல்டிப்ளையர்
கதிர் – ஸ்பிண்டில்
திரி – ரோவிங்
கண்ணி – லூப்
சமன் முறுக்கு – பேலன்ஸ்டு ட்விஸ்ட்
திருகல் சாய்வு – ஸ்பைராலிட்டி

கற்பவை கற்றபின்...

1. இரண்டடி நீளமுள்ள தையல் நூலையும் பருத்தி நூலையும் தனித்தனியே எடுத்து, இரு முனைகளையும் மெல்ல ஒன்றுசேர்க்க. நடுப்பகுதி தன்மேல் எத்தனை சுற்றுகள் சுருள்கிறது என எண்ணி, எந்நூல் சமன் முறுக்கு உடையது என வகுப்பில் விளக்குக.

2. உங்கள் வீட்டிலுள்ள பனியன் ஒன்றின் பக்கத் தையல் துவைத்தபின் எவ்வளவு நகர்ந்துள்ளது என அளந்து, ஆடை நீளத்தில் அது எத்தனை விழுக்காடு எனக் கணக்கிடுக.

3. உங்கள் பகுதியில் கயிறு திரித்தல், நெசவு, தையல், கூடை முடைதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு தொழில் செய்வோரைச் சந்தித்து, அவர்கள் வழங்கும் தொழிற்சொற்கள் பத்தினைப் பொருளுடன் தொகுக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'வைக்கோற்புரி' என்னும் சொல்லில் அமைந்துள்ள விகாரம்
அ) தோன்றல் ஆ) திரிதல் இ) கெடுதல் ஈ) இயல்பு

2. நூலெண் 36, முறுக்கெண் 3.5 எனின் ஓர் அங்குலத்தில் உள்ள முறுக்கு
அ) 18 ஆ) 21 இ) 24 ஈ) 36

3. நன்னூல் பாயிரத்தில் கதிராக உருவகம் செய்யப்படுவது
அ) சொல் ஆ) வாய் இ) அறிவு ஈ) புலவன்

குறுவினா

1. நூலெண் என்பது யாது?
2. திரி, புரி – வேறுபடுத்துக.
3. மிகுந்த முறுக்கு நூலின் வலிமையைக் குறைப்பது ஏன்?

சிறுவினா

1. முறுக்கின் திசையைக் குறிக்க எஸ், இசட் என்னும் எழுத்து வடிவங்கள் ஏற்றவையாக அமைந்தது எவ்வாறு?
2. முறுக்கின் அளவிற்கும் நூற்பாலையின் உற்பத்திக்கும் உள்ள தொடர்பைக் கணக்கீட்டுடன் விளக்குக.

நெடுவினா

1. பின்னலாடையில் திருகல் சாய்வு தோன்றும் காரணங்களையும் அதனைக் குறைக்கும் வழிகளையும் தொகுத்து எழுதுக.
2. 'தொழில் செய்வோர் நாவில் வாழும் சொற்களே சிறந்த கலைச்சொற்கள் ஆகும்' – பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.